ஈர விறகு புகையத்தான் செய்யும்: ஒரு பேரூராட்சியின் எரிஉலைத் திட்டம் என்ன ஆனது

பின்னணி

திருநெல்வேலிக்கு மேற்கே, தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஒரு பேரூராட்சியில் நடந்தது இது. ஊர்ப்பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டதால் விட்டிருக்கிறேன். சுமார் 3,600 வீடுகள். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மற்றவர்களுக்கு வயல், வாழை, கொத்து வேலை, டவுனில் கடை வேலை. நான் ஒரு ஆலையில் 31 வருஷம் பாய்லர் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவன்.

ஊருக்கு மேற்கே பொட்டலில் இரண்டு ஏக்கர் குப்பைக் கிடங்கு. இருபது வருஷமாகத் தட்டிய குப்பை ஆள் உயரத்தைத் தாண்டிக் கிடந்தது. ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் அடிக்கிற மேல்காற்றைப் பற்றி இந்த ஜில்லாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஆடியில் கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வந்து மேல்தீயை அணைத்துவிட்டது. உள்ளே கங்கு ஒன்பது நாள் புகைந்தது. காற்று நேராக ஊருக்குள் அடித்ததால் பள்ளிக்கூடத்தை மூன்று நாள் மூடினார்கள். எங்கள் தெருவில் இளைப்பு நோய் இருந்த ஒரு ஆச்சியை இரண்டு தடவை பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

திறந்தவெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது. ஆனால் எரிந்தது பேரூராட்சியின் சொந்தக் கிடங்கு. யாருக்கு யார் அபராதம் போடுவது?

மேஜைக்கு வந்த திட்டம்

அந்தப் புகை மறப்பதற்குள், செப்டம்பரில், வெளியூர் நிறுவனம் ஒன்று ஒரு திட்டத்தோடு வந்தது. தினம் 5 டன் குப்பையை எரிக்கும் உலை, அதிலிருந்து 100 கிலோவாட் மின்சாரம், தெருவிளக்குக் கரண்ட் பில் மிச்சம், கிடங்கே தேவையில்லை. விலை 1 கோடியே 80 லட்சம். கவுன்சிலர்கள் பெரும்பாலும் சம்மதம். புகையில் ஒன்பது நாள் கிடந்த ஊருக்கு 'புகையில்லாமல் எரித்துக் கரண்ட் எடுக்கலாம்' என்று சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? எனக்கும் ஆசைதான். வாழ்நாளெல்லாம் பாய்லர் பக்கத்தில் நின்றவனுக்கு ஊரிலேயே ஒரு பாய்லர் வருகிறது என்றால் மனசு துள்ளத்தானே செய்யும்.

செயல் அலுவலர் கூப்பிட்டு, "சார், நீங்க பாய்லர்ல இருந்தவங்க. ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார். தாள்களை வீட்டுக்கு எடுத்து வந்து இரண்டு ராத்திரி படித்தேன். எந்திரத்தைப் பற்றி எல்லாம் இருந்தது. எங்கள் குப்பையைப் பற்றி ஒரு வரி இல்லை. கிலோவுக்கு 2,400 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும் என்று ஒரு எண் மட்டும் இருந்தது. அது எந்த ஊர்க் குப்பை என்று கேட்டேன், பதில் வரவில்லை. சாம்பல் எங்கே போகும் என்ற கேள்விக்கும் அப்படித்தான்.

ஏழு நாள் எடை

முடிவெடுக்குமுன் ஒரு வாரம் குப்பையை எடைபோட்டுப் பார்ப்போம் என்று கேட்டேன். செயல் அலுவலர் ஒத்துக்கொண்டார். அரிசி மில்லிலிருந்து ஒரு எடைமேடை இரவல் கிடைத்தது. தூய்மைப் பணியாளர்கள் 24 பேரில் ஆறு பேர் கூட நின்றார்கள். காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டிகளும் பேட்டரி வண்டிகளும் வந்து தார்ப்பாயில் கொட்டும்.

முதல் நாள் பிரித்த முதல் பை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு மஞ்சள் கேரி பேக், வாயில் இறுக்கமான முடிச்சு. அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் கிழித்தார் ஒரு அக்கா. உள்ளே முந்தின ராத்திரிச் சாம்பார் சோறு, சப்பிப் போட்ட முருங்கைக்காய்ச் சக்கை, நாலு ஷாம்பு பாக்கெட், குழந்தைக்குக் கட்டிய டயப்பர் ஒன்று, அதற்கடியில் உறை இல்லாத சவர பிளேடு. ஷாம்பு பாக்கெட்டைத் தூக்கினால் சாம்பார் வழிந்தது. அக்கா அதை என் முன்னால் நீட்டி, "அண்ணாச்சி, இதையா எரிக்கப் போறிய? ஈர வெறகு எரியுமா, பொகையத்தான செய்யும்" என்றார். நான் இரண்டு ராத்திரி தாளில் தேடியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஏழு நாள் சராசரியில், தினம் வருவது 4,000 கிலோ. அதில் சோறு, காய்கறி, வாழையிலை, பூ போன்ற மக்கும் குப்பை 2,250. தெரு மண், சாக்கடை வண்டல், அடுப்புச் சாம்பல் 600. விலைபோகிற பேப்பர், அட்டை, பாட்டில், இரும்பு, கெட்டி பிளாஸ்டிக் 420. யாரும் வாங்காத கவர், பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், கிழிந்த துணி, செருப்பு எல்லாம் சேர்ந்து 430. பீடி இலை வெட்டுத்துண்டும் புகையிலைத் தூளும் 180. நாப்கின், டயப்பர் 120.

அப்புறம் கலந்த குப்பையில் 10 கிலோ எடுத்து என் வீட்டு மொட்டை மாடியில் தகரத்தில் பரப்பினேன். நாலு நாள் வெயிலில் அது 4 கிலோ 600 கிராம் ஆனது. சலித்ததில் ஒரு கிலோ வெறும் மண். ஆக, 10 கிலோவில் எரியக்கூடியது மூன்றரைக் கிலோ சொச்சம், தண்ணீர் 5 கிலோ 400 கிராம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் 540 கிலோகலோரி வேண்டும். கொதிநிலைக்குச் சூடாக்குவதையும் சேர்த்தால் 600-க்கு மேல். எரிகிறது கொடுக்கிற வெப்பத்தில் ஒரு பங்கை ஈரமே தின்றுவிடும்.

இதைக் கழித்துப் போட்டால் எங்கள் குப்பை கிலோவுக்கு 1,000 கிலோகலோரியை ஒட்டி நிற்கிறது. 4,000 கிலோவுக்கு 40 லட்சம் கிலோகலோரி. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரிக்குச் சமம் என்பதால், மொத்த வெப்பமே சுமார் 4,650 யூனிட். இந்த அளவு சின்ன நீராவி எந்திரத்தில் பத்தில் ஒரு பங்கு மின்சாரமாக வந்தால் நல்ல வேலை. 465 யூனிட், அதாவது மணிக்கு 20 யூனிட்டுக்கும் குறைவு. அதிலும் ஃபேன், பம்பு, புகை கழுவும் தொட்டி எல்லாம் பங்கு கேட்கும். 100 கிலோவாட் எங்கே இருக்கிறது?

நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் இந்த எடையில் தெரிந்தது. யாரும் வாங்காத அந்த 430 கிலோவைக் காயவைத்து, ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தோம். கிலோவுக்கு 5,000 கிலோகலோரிக்கு மேல் வந்தது. நம் நாட்டுச் சாதாரண நிலக்கரியைவிட அதிகம். எடையில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் ஊர்க் குப்பையின் வெப்பத்தில் பாதி அதில்தான் இருந்தது. மீதியெல்லாம் அதை நனைத்துக்கொண்டு கிடக்கிறது.

முடிவும் அதன் காரணங்களும்

நவம்பர் கூட்டத்தில் இந்தக் கணக்கை வைத்தேன். டெல்லியின் திமார்பூரில் 1987-இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் கட்டிய ஆலையைப் பற்றியும் சொன்னேன். தினம் 300 டன் எரித்து 3.75 மெகாவாட் எடுக்கக் கட்டியது. கிலோவுக்கு 1,462 கிலோகலோரி இருக்கும் என்று நம்பினார்கள், வந்த குப்பையில் 600, 700-தான் இருந்தது. சில வாரங்களுக்கு மேல் ஓடவில்லை.

ஒரு கவுன்சிலர், "வெளிநாட்டில் எல்லாம் எரிக்கிறார்களே" என்றார். நியாயமான கேள்வி. எரிக்கிறார்கள், நன்றாகவும் எரிக்கிறார்கள். அங்கே குப்பை நம்முடையதைவிடக் காய்ந்தது. ஆலைகள் பலவும் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் எரிக்கும் அளவுக்குப் பெரியவை. கோபன்ஹேகன் போன்ற ஊரில் மின்சாரம் போக மிஞ்சுகிற சூட்டைக் குழாய் வழியாக வீடுகளுக்கு அனுப்பிக் குளிர் காய்கிறார்கள். சித்திரை வெயிலில் நம் ஊரில் அந்தச் சூட்டை யாருக்குக் கொடுப்பது? இன்னொன்றும் உண்டு. பிளாஸ்டிக் கலந்த குப்பையை அரைகுறைச் சூட்டில் எரித்தால் டையாக்சின் என்கிற நச்சு வரும். அப்போது நடப்பில் இருந்த 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள்படி இரட்டை அறை உலையின் இரண்டாவது அறை 950 டிகிரியில் நிற்க வேண்டும், புகை அதில் குறைந்தது இரண்டு விநாடி தங்க வேண்டும். ஈரக் குப்பையைப் போட்டுக்கொண்டு அந்தச் சூட்டைப் பிடிக்க டீசல் ஊற்ற வேண்டியிருக்கும். டீசல் விலை ஏறினால் முதலில் நிறுத்தப்படுவது அந்த இரண்டாவது அறையின் பர்னர்தான். ஆலைகளில் இதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அதே விதிகளில் எங்களுக்கு உதவுகிற ஒரு வழியும் இருந்தது. மறுசுழற்சிக்கு ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பமுள்ள கழிவைக் கிடங்கில் கொட்டக் கூடாது, எரிபொருளாகத்தான் பயன்படுத்த வேண்டும் என்று அதில் இருந்தது. சிமென்ட் சூளைக்குள் 1,450 டிகிரி. எரிந்த சாம்பலும் கிளிங்கரோடு, அதாவது அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டியோடு, சேர்ந்துவிடுவதால் தனியாகச் சாம்பல் மேடு வராது. 100 கிலோமீட்டருக்குள் அப்படி ஒரு ஆலை இருக்கிறது. நாம் புதிதாக உலை கட்டுவானேன்?

எரிஉலை வேண்டாம் என்று முடிவானது. விலைபோவது பழைய இரும்புக் கடைக்கு, காய்ந்த மிச்சம் சிமென்ட் சூளைக்கு, கடை, மண்டபங்களின் சாப்பாட்டுக் கழிவு 500 கிலோ சாண எரிவாயுக் கலன் மாதிரி ஒன்றுக்கு, மற்ற ஈரக் குப்பை உரத்துக்கு. நாலும் நடக்க வேண்டுமானால் குப்பை வாசலிலேயே பிரிந்து வர வேண்டும். கூட்டத்தில் ஏழு பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்களில் ஒருவர் சொன்னது சரியான எச்சரிக்கை: "எந்திரம்னா ஒருதடவை வாங்கினாப் போதும். இது தினம் செய்யணும்."

வாசலில்

2023 ஜனவரியில் இரண்டு வார்டில் தொடங்கினோம். அபராதம் வேண்டாம், கலந்த பையை மட்டும் வாங்க வேண்டாம் என்று பேசிவைத்தோம். முதல் மாதம் பிரித்துக் கொடுத்தது நூற்றுக்கு 22 வீடு. சிலர் பையை ராத்திரியில் வாய்க்காலில் எறிந்தார்கள். பணியாளர்கள் அதையும் போய் அள்ளினார்கள், யாரையும் திட்டாமல்.

பீடி சுற்றும் வீடுகள்தான் முதலில் பிடித்துக்கொண்டன. இலையை நனைத்து, நரம்பு பார்த்து, அளவாக வெட்டி, தூளை முறத்தில் தனியாக வைத்து, கட்டுக் கட்டி எண்ணிப் போடுகிறவர்கள் அவர்கள். பிரித்து வைப்பது அவர்கள் கைக்குப் பழக்கம். ஒரு மைனி வாசலில் மூன்று பழைய பெயின்ட் டப்பாவை வைத்து, மூன்றாவதில் பிளேடும் நாப்கினும் தாளில் சுற்றிப் போட்டிருந்தார். அந்தத் தெருவில் ஒரே மாதத்தில் எல்லார் வாசலிலும் மூன்று டப்பா வந்துவிட்டது. ஆண்டு முடிவை நெருங்கும்போது நூற்றுக்கு 71 வீடு.

அந்த வீடுகளிலிருந்தே முதல் தவறும் வந்தது, ஆனால் தவறு எங்களுடையது. பீடி இலைத் துண்டைப் புகையிலைத் தூளோடு மண்புழு உரத் தொட்டியில் போட்டோம். மூன்றாம் நாள் புழுக்கள் மேலே வந்து சுருண்டு கிடந்தன. நிக்கோட்டின் பூச்சிக்கொல்லி என்று பாடத்தில் படித்ததுதான், அந்த நேரம் யோசிக்கவில்லை. இரண்டு தொட்டி போயிற்று. பிறகு தூளையும் இலையையும் மண்புழுத் தொட்டிக்குக் கொண்டுபோவதே இல்லை. குவியலாக அடுக்கி, வாரம் ஒருமுறை புரட்டி, உள்ளே 60 டிகிரி சூடு ஏறும் உரக்குவியலில்தான் சேர்க்கிறோம்.

கலன் புளித்தது

எரிவாயுக் கலன் அரசு நிதியில் ஏப்ரலில் தயாரானது. 45 நாள் சாணக் கரைசலில் ஊறி, நீலச் சுடர் வந்த அன்று எல்லோரும் கைதட்டினோம். வாயுவைப் பக்கத்துப் பள்ளியின் சத்துணவுக் கூடத்துக்குக் கொடுப்பதாகத் திட்டம். பெற்றோர் வேண்டாம் என்றுவிட்டார்கள். குப்பை வாயுவில் பிள்ளைகளுக்குச் சோறா என்று கேட்டார்கள். மீத்தேன் எரிந்தால் சோற்றில் ஒன்றும் ஒட்டாது என்று நான் விளக்கியது எடுபடவில்லை. ஆறு மாதத்துக்கு முன்பே அவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். முடிந்த பிறகு விளக்கம் சொன்னால் யார் கேட்பார்கள்? கடைசியில் வாயு பணியாளர்களின் காலை டீக்கும் பலகாரத்துக்கும், சாயங்காலம் ஒரு சின்ன ஜெனரேட்டருக்கும் போனது.

ஆடி மாதம் அம்மன் கோயில் கொடை வந்தது. மூன்று நாள் அன்னதானம். வீணான சோறு, சாம்பார், புளியோதரை, எலுமிச்சைத் தோல். வாசம் வருமுன் தீர்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டு நாளில் 1,400 கிலோவைக் கலனுக்குள் தள்ளினோம். நாலாம் நாள் அடுப்பு பற்றவில்லை. வாயு வந்தது, தீக்குச்சி அணைந்தது. அமிலத்தன்மை காட்டும் காகிதத்தைக் கலன் கரைசலில் நனைத்தால் 5.5. 7-ஐ ஒட்டி நிற்க வேண்டிய எண் அது, குறையக் குறைய அமிலம் கூடுதல். கலனுக்குள் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர் வேகமாக வேலை செய்யும், அதைத் தின்று மீத்தேன் தரும் நுண்ணுயிர் மெல்லத்தான் பெருகும். இரண்டுக்கும் தாளம் தப்பிவிட்டது. தோசை மாவை இரண்டு நாள் வெளியே வைத்தால் என்ன ஆகுமோ அதுதான்.

தீனியை அடியோடு நிறுத்தினோம். தினம் சாணக் கரைசலும், சுண்ணாம்புத் தெளிவு கொஞ்சம் கொஞ்சமாகவும் ஊற்றினோம். நீலச் சுடர் திரும்ப ஐந்து வாரம் ஆனது. இப்போது 500 கிலோவுக்கு மேல் ஒரு வாளிகூடப் போடுவதில்லை, கொடை நாளென்றால் மிச்சம் உரக்குவியலுக்குத்தான். சராசரியாகத் தினம் 28 கன மீட்டர் வாயு, ஏறத்தாழ 12 கிலோ சமையல் கேஸுக்குச் சமம்.

2023 டிசம்பர்

காய்ந்த மிச்சத்தை அழுத்திக் கட்டி, சிமென்ட் ஆலைக்கு ஐந்து லோடு போயிருந்தது. ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது, பிவிசி குழாய், ரெக்சின் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. பிவிசியில் இருக்கிற குளோரின் சூளையைக் கெடுக்கும். ஆலை பணம் தராது. லாரி வாடகை 12,000 ரூபாய் பேரூராட்சிதான் கொடுத்தது.

டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையையும் தாமிரபரணி வெள்ளத்தையும் இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொட்டகைக்குள் இடுப்பளவு தண்ணீர். அடுக்கி வைத்திருந்த 9 டன் கட்டு முழுக்க ஊறிப்போனது. ஊரிலோ நனைந்த மெத்தை, பாய், தலையணை, அரிசி மூட்டை, ஒவ்வொரு வாசலிலும் மலைபோலக் குவிந்தது. அந்த மூன்று வாரம் யாரிடமும் பிரித்துக் கொடு என்று கேட்கவில்லை. கேட்கிற நேரமும் இல்லை அது. பணியாளர்களில் எட்டுப் பேர் வீட்டுக்குள்ளேயே வெள்ளம் புகுந்திருந்தது. அவர்கள்தான் காலையில் வந்து ஊரைக் கழுவினார்கள். இதை எழுதும்போதும் அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஊறிய கட்டோடு போன லாரியை ஆலை திருப்பி அனுப்பியது. கட்டை எல்லாம் பிரித்து, தை, மாசி வெயிலில் உலர்த்தி மறுபடி கட்ட பிப்ரவரி ஆகிவிட்டது. வெள்ளத்துக்குப் பின் பிரித்துக் கொடுக்கிற வீடு நூற்றுக்கு 40-ஆகக் குறைந்து, ஜூனில்தான் பழைய நிலைக்கு வந்தது.

மறுபடி செய்வதானால்

கொட்டகைத் தளத்தை நாலடி உயர்த்திக் கட்டுவேன். ஆற்றங்கரை ஊரில் காய்ந்த பொருளைத் தரையில் அடுக்கியது ஒரு பாய்லர்காரன் செய்யக்கூடாத பிழை. கலனைக் கட்டுமுன் வாயு யாருக்கு என்று முடிவு செய்து, அவர்களை வைத்தே கட்டுவேன். முதல் வார்டாகப் பெரிய தெருவை எடுக்காமல் பீடித் தெருவை எடுப்பேன்.

பணியாளர்களுக்குக் கையுறை தொடக்கத்திலேயே தடித்ததாக வாங்கியிருக்க வேண்டும். முதல் மாதத்தில் மூன்று பேர் கை பிளேடில் வெட்டுப்பட்டது. பழைய பொருள் விற்ற பணம் மாதம் 45,000 ரூபாய் வரை வருகிறது, அதை 24 பேருக்கும் பிரித்துக் கொடுக்கிறோம். இதைச் செய்யச் சொன்னது செயல் அலுவலர். எனக்குத் தோன்றவில்லை. பிரிப்பு நின்றுபோகாமல் ஓடுவதற்கு இந்தப் பணம்தான் பெரிய காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

டயப்பரும் நாப்கினும் தினம் 120 கிலோ, இதற்கு வழி கிடைக்கவில்லை. ஈரமாக இருப்பதால் சூளையும் வாங்காது, மக்கவும் மக்காது. தார்ப்பாய் விரித்த குழியில் மூடுகிறோம். இந்தக் குழி நிரம்பினால் அடுத்த குழி.

இன்றைய நிலை

2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவை நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கொட்டிப்போய், பசுமைத் தீர்ப்பாய உத்தரவின்பேரில் திரும்ப அள்ளிச் சென்றார்களே, அந்த வாரம் எங்கள் கொட்டகைக்கு ராத்திரிக் காவல் போட்டோம். இப்போதும் ஒருவர் இருக்கிறார்.

பழைய கிடங்கைச் சலிக்கும் வேலை பாதி முடிந்திருக்கிறது. போன மாதம் சல்லடையில் ஒரு பால் பாக்கெட் வந்தது. மண்ணைத் துடைத்தால் 2009 என்று தேதி தெளிவாகப் படிக்க முடிந்தது. அதையும் கழுவி, காயவைத்து, கட்டில் சேர்த்துவிட்டார் அந்த அக்கா. கொட்டகையில் இப்போது 7 டன் நிற்கிறது. ஆனிக் காற்று தொடங்குமுன் லாரி ஏற்றிவிட வேண்டும்.